பின்னட்டைக் குறிப்பு

பதிப்பாளர் கேட்டது அறுபது சொற்கள்.
பார்கோடுக்கு மேலே அவ்வளவுதான் இடம்.
படர்க்கையில் எழுதுங்கள், என்றார்.

வதனி செபமாலை. பிறந்தது மன்னார், பேசாலை.
மெல்பேர்னின் தென்கிழக்கே, டண்டினோங்கில் வசிக்கிறார்.
இரண்டு கவிதைத் தொகுப்புகள், ஒரு நாவல்.
இது அவருடைய இரண்டாவது நாவல்.

பதினெட்டுச் சொற்கள் போய்விட்டன.

முதல் தொகுப்பு முந்நூறு பிரதி.
நூற்று எழுபத்து நாலு இன்னும் கராஜில்,
புல்வெட்டும் மெஷினுக்குப் பின்னால்,
பக்கங்களில் பெட்ரோல் மணம்.
வெளியீட்டு விழாவில் நாற்பது கதிரை.
தலைமை தாங்கியவர் அட்டைப்படத்தைப் பற்றி
இருபத்தைந்து நிமிடம் பேசினார்.
வடை முடிந்ததும் மண்டபமும் முடிந்தது.
ஒருத்தி மட்டும் நின்று
பன்னிரண்டாம் பக்கத்தில் எழுத்துப்பிழை என்றாள்.
வாசித்திருக்கிறாள்!
கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

இவர் தொழில்முறை உரைபெயர்ப்பாளர்.
இந்த வரியைத்தான் எப்போதும் வெட்டிவிடுகிறார்கள்.

நாள் முழுக்க நான் 'நான்' என்று சொல்கிறேன்.
விதி அப்படி: 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது.
காலை பத்து மணிக்கு
லைசென்ஸ் இல்லாமல் கார் ஓட்டியவன் நான்.
பின்னேரம் எனக்குச் சிறுநீரகத்தில் கல்.
ஒருமுறை விடியப்புறம் மூன்று பத்துக்கு
மில்டூராவில் யாரோ ஒரு பெண்ணின் தலைமாட்டில்
ஸ்பீக்கரில் கிடந்த போனுக்குள் இருந்து
"இன்னும் கொஞ்சம் முக்கு, தங்கச்சி" என்றேன்.
என் கட்டிலில் எழும்பி உட்கார்ந்து
நானும் முக்கியிருக்கிறேன்.
பிள்ளை அழுதது. லைன் கட்டாயிற்று.
ஆணா பெண்ணா தெரியாது.
பில்லில் எழுதினேன்: நாற்பத்தைந்து நிமிடம்.

மில்டூரா இல்லை. ஊரை மாற்றியிருக்கிறேன்.
கேட்டதை வெளியே கொண்டுபோவதில்லை
என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டவள்.
உங்களுக்கென்ன, கதைக்கா பஞ்சம், என்கிறார்கள்.
கல்யாண வீட்டில் விரதக்காரி நான்.

ஒரே ஒரு சொல்லை மட்டும் கொண்டுவந்துவிட்டேன்.

தீர்ப்பாயம். பதினோராவது மாடி. புதுக் கார்பெட் மணம்.
ஏன் அன்றைக்கே புறப்பட்டீர்கள் என்று கேட்டார்கள்.
"அந்தரமாய் இருந்தது," என்றார் அவர்.
ஒரு நொடி இருந்தது எனக்கு.
பதற்றமா. அவசரமா. கால் நிலத்தில் படாததா.
யாரிடமும் கடன் கேட்க முடியாத இரவா.
எனக்கு அவசரமாக இருந்தது, என்றேன் அவர்களுடைய மொழியில்.
எழுதிக்கொண்டார்கள்: அவசரம்.
அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்,
சரியாகச் சொல்லியிருப்பேன் என்ற நம்பிக்கையில்.
முடிவு என்ன வந்ததென்று
உரைபெயர்ப்பாளருக்கு அறிவிப்பதில்லை.

முதலில் ஒரு கவிதையில் முயன்றேன். கொள்ளவில்லை.
பிறகு ஏழு வருடம்,
பாக்கன்ஹாம் ரெயினில், கோர்ட்டுக் கொரிடோரில்,
நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
அதில் தீர்ப்பாயம் இல்லை, அவர் இல்லை.
டிப்போவில் இரவு முழுக்க பஸ் கழுவுகிற இருவர் இருக்கிறார்கள்,
ஒருவரோடொருவர் அதிகம் கதைப்பதில்லை.
அந்தச் சொல்லும் இல்லை, ஓரிடத்திலும்.
சுற்றிச்சுற்றி வந்து அதற்கு இடம் விட்டிருக்கிறேன்.
ஒரு விமர்சகர் "மிக மெதுவான நடை" என்றார்.
ஓம்.
இந்தமுறை எனக்கு அவசரம் இருக்கவில்லை.

இதில் எதையும் பின்னட்டையில் போட முடியாது.

பதிப்பாளரின் மெயில் வந்திருக்கிறது:
போட்டோ? பிறந்த வருடம்? விருதுகள் ஏதும்?
விருதுகள்: பன்னிரண்டாம் பக்கம், ஒரு பெண்.
எழுதிவிட்டு அழிக்கிறேன்.
எல்லோருக்கும் 'நான்' ஆனவள்
எனக்கு மட்டும் 'இவர்' என்று இருக்கிறேன்.

போன் அடிக்கிறது. இலக்கம் காட்டாத அழைப்பு.
வேலை எண்ணைக் கேட்கிறார்கள், பெயரை அல்ல.
ஐந்து இலக்கத்தையும் சொல்கிறேன்.
மறுமுனையில் யாரோ தொண்டையைச் செருமுகிறார்,
தமிழில்.